ஆப் தானாக மூடுகிறதா? போனிலிருந்து லாக் எடுத்துக் காரணம் கண்டுபிடிக்க, அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஆப் கிராஷ் ஆகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும் சென்னையில் தரமணியிலிருந்து சிறுசேரி வரை பெரும்பாலான சப்போர்ட் மேசைகளில் வரும் முதல் பதில், "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடுங்க சார்." தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். ஆப்பை நீக்கியதும் அது தனக்குள் எழுதிவைத்த லாக் (நடந்ததை நேரத்தோடு குறிக்கும் பதிவு) கோப்புகளும், டேட்டாபேஸும், பழைய பதிப்பிலிருந்து அப்டேட் ஆனபோது ஒட்டிக்கொண்டு வந்த மிச்சங்களும் ஒன்றாகப் போய்விடும். கோளாறுக்குக் காரணமே அந்த மிச்சமாக இருக்கலாம். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆண்ட்ராய்டின் லாக்கேட் (logcat) போனில் நடப்பதை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் பதிவு; போன் அணைந்தால் அதுவும் அழிந்துவிடும். இரண்டையும் செய்தபின் ஆப் ஓடக்கூடும். ஏன் விழுந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் இன்னொருவர் போனில் அதே இடத்தில் விழும்.

அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் லாக், பிறகுதான் சிகிச்சை. லாக் எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஆப் விழுந்த மணி நிமிடம், போனின் மாடலும் இயங்குதளப் பதிப்பும், ஆப்பின் பதிப்பு எண். மூன்றில் நேரம்தான் உயிர். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் நீங்கள் தேடப்போவது அந்த நிமிடத்தைத்தான். "காலையில" என்று சொன்னால் விடாதீர்கள். போனில் அதன் பிறகு வந்த மெசேஜ், போட்ட கால் எதையாவது வைத்து நிமிடத்துக்கு வாருங்கள்.

கணினியில் போன் தெரியவே இல்லை

பாதி நேரம் கேபிள்தான் காரணம். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி (adb) கருவியில் ஏடிபி டிவைசஸ் என்று கொடுத்தால் பட்டியல் காலியாக வருகிறது, ஆனால் போன் சார்ஜ் ஏறுகிறது என்றால், அந்தக் கேபிளுக்குள் டேட்டா கம்பிகளே இல்லாமல் இருக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது "சார்ஜிங் கேபிள்" என்று கேட்காமல் "டேட்டா கேபிள்" என்று கேட்டு, கடையிலேயே ஒரு போனைச் செருகி கோப்புகள் தெரிகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். டெஸ்டிங் குழுவுக்கென்று நல்ல கேபிள் இரண்டைத் தனியே எடுத்து வைப்பது எந்தக் கருவி வாங்குவதையும்விடப் பயனுள்ள செலவு.

கேபிள் சரி என்றால் போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் மெனு திறந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பக்கத்தில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் அது திறக்கும். சாம்சங்கில் அந்த எண் 'மென்பொருள் தகவல்' என்ற உட்பக்கத்தில் இருக்கும். ஷாவ்மி போன்களில் அந்த நிறுவனத்தின் ஓஎஸ் பதிப்பு வரியைத் தட்ட வேண்டும். பிறகு அந்த மெனுவில், கணினி போனோடு பேச அனுமதிக்கும் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள்.

பட்டியலில் 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் கணினியைப் பார்க்க வேண்டாம், போன் திரையைப் பாருங்கள். இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று கேட்கும் பெட்டி அங்கே காத்திருக்கும். திரை பூட்டியிருந்தால் அது கண்ணில் படாது. பெட்டி வரவே இல்லையென்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய டீபக்கிங் அனுமதிகளை ரத்துசெய்துவிட்டுக் கேபிளைக் கழற்றிச் செருகுங்கள். விண்டோஸ் கணினியில் காலியாகவே இருந்தால் அந்தப் பிராண்டின் யுஎஸ்பி டிரைவர் இல்லை. லினக்ஸில் 'நோ பெர்மிஷன்ஸ்' என்று வந்தால் யுஎஸ்பி கருவிகளுக்கு அனுமதி தரும் யுடெவ் (udev) விதி எழுதப்படவில்லை.

கேபிளே வேண்டாம் என்றால் ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டீபக்கிங் இருக்கிறது. போன் காட்டும் ஆறு இலக்க எண்ணைக் கணினியில் கொடுத்து இணைக்கலாம். ஆனால் பல அலுவலகங்களின் விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேச முடியாதபடி தடுத்திருப்பார்கள். எண் சரியாக இருந்தும் இணையவில்லை என்றால் வேறொரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

திறந்தவுடன் மூடுகிறது, அல்லது 'ஆப் நின்றுவிட்டது' என்ற பெட்டி வருகிறது

அறிகுறிகளில் எளிதானது இது. ஆப் தன் சாவுக்கான காரணத்தைத் தானே எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறது. லாக்கேட்டில் பல பஃபர்கள், அதாவது தனித்தனி பதிவுப் பகுதிகள், உண்டு: மெயின், சிஸ்டம், ஈவென்ட்ஸ், ரேடியோ, கிராஷ். மொத்தத்தையும் கொட்டித் தேடாமல், பஃபரைத் தேர்ந்தெடுக்கும் கொடியை (கட்டளையோடு சேர்க்கும் -b குறி) கொடுத்து கிராஷ் பஃபரை மட்டும் கேளுங்கள். கூடவே டம்ப் கொடியையும் (-d) சேர்த்தால் இருப்பதைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதை ஒரு கோப்பில் சேமித்த பிறகு படியுங்கள். ஓடும் திரையில் படிப்பது கண்ணுக்கும் கெடுதல், முக்கியமான வரியும் நழுவும்.

'ஆண்ட்ராய்டு ரன்டைம்' என்ற குறிச்சொல்லோடு 'ஃபேட்டல் எக்செப்ஷன்' என்ற வரி இருக்கும். எக்செப்ஷன் என்பது ஆப் ஓடும்போது எழும் பிழை. அதன் கீழே எந்த எக்செப்ஷன், எந்தக் கோப்பு, எந்த வரி என்று அடுக்காக வரும்; இதுதான் ஸ்டாக் டிரேஸ். புதிதாக வருபவர்கள் மேலே உள்ள முதல் எக்செப்ஷனைப் பார்த்தவுடன் கூகுளில் தேடப் போய்விடுகிறார்கள். பல நேரம் அது வெளியுறை மட்டுமே. கீழே இறங்கி 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியைப் பிடியுங்கள். மூலக் காரணம் அங்கேதான். பிறகு அந்த அடுக்கில் உங்கள் சொந்தப் பேக்கேஜ் பெயர் (ஆப்பின் தனி அடையாளப் பெயர்) முதலில் வரும் வரிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டின் உள்வரிகளை அதற்கு முன் படிக்கத் தேவையில்லை.

தமிழுக்கு மாற்றினால் மட்டும் விழுகிறது

இது மேலே சொன்னதன் ஒரு வகைதான், ஆனாலும் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆங்கிலத்தில் டெஸ்ட் செய்யும் குழுவின் கண்ணில் இது ஒருபோதும் படாது. தமிழில் ஆப் வைத்திருப்பவர்தான் அடிபடுவார். புகார் சொல்லவும் அவரால் எளிதில் முடியாது.

லாக்கில் எக்செப்ஷனின் பெயரில் 'ஃபார்மட்' என்ற சொல் இருந்தால் உடனே ஆப் காட்டும் வாக்கியங்கள் இருக்கும் தமிழ் ஸ்ட்ரிங்ஸ் கோப்பைத் திறங்கள். ஆங்கில வாக்கியத்தில் பெயரோ தொகையோ வந்து உட்கார வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எண்ணும் டாலர் குறியும் எழுத்தும் சேர்ந்த ஓர் இடக்குறி (%1$s போல) இருக்கும். மொழிபெயர்க்கும்போது தமிழ் வாக்கிய அமைப்புக்காக அதை நகர்த்துவார்கள். அப்போது நடுவில் ஒரு இடைவெளி விழும், அல்லது டாலர் குறி போய்விடும், அல்லது தொகைக்கான குறி பெயருக்கான இடத்தில் போய் உட்காரும். இன்னொன்று: "50% தள்ளுபடி" என்ற வரியில், இடக்குறியும் சேர்ந்து இருந்தால், சதவீதக் குறியை இரண்டு முறை எழுத வேண்டும். ஒருமுறை மட்டும் எழுதினால் ஃபார்மட்டர் அதையும் ஓர் இடக்குறி என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் தமிழ் எழுத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் எக்செப்ஷனை வீசும். பொங்கல் தள்ளுபடி அறிவிப்பு போகும் காலையில் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஆப் திறக்காமல் போவதற்கு இந்த ஒரு குறி போதும். பில்ட் எடுக்கும்போதே, அதாவது ஆப்பைத் தயாரிக்கும்போதே, ஆண்ட்ராய்டு லின்ட் என்ற சோதனைக் கருவி ஆங்கில, தமிழ் இடக்குறிகள் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள்.

கோளாறு உங்கள் கோடில் (நிரலில்) இல்லாமல் எழுத்து வரையும் பகுதியிலும் இருக்கலாம். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தாலே ஐபோனில் மெசேஜ் ஆப்கள் விழுந்தன, ஐஓஎஸ் 11.2.6 வந்துதான் சரியானது. நம் மொழிகளின் எழுத்துகளை டெஸ்ட் தரவில் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

லாக் வருகிறது, ஆனால் அந்த நிமிடமே அதில் இல்லை

லாக்கேட் பஃபர்கள் வட்டமாகச் சுழல்பவை. நிறைந்ததும் பழைய வரிகளின் மேலேயே புதியவை எழுதப்படும். ஆண்ட்ராய்டின் இயல்பு அளவு ஒரு பஃபருக்கு 256 கேபி. லாக் அதிகம் எழுதும் போனில் சில நிமிடங்களில் சுழன்றுவிடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'லாகர் பஃபர் அளவு' என்ற இடத்தில் அங்கே உள்ள மிகப்பெரிய அளவுக்கு ஏற்றிவைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

நடந்து முடிந்ததற்கு? நம்பிக்கையை விட வேண்டாம். டிராப்பாக்ஸ் என்ற பெயரில் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே ஒரு பெட்டி இருக்கிறது. அதே பெயரிலுள்ள கோப்புச் சேமிப்பு சேவைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆப் கிராஷ், ஹேங், நேட்டிவ் கிராஷ் (சி, சி++ பகுதியில் விழுவது) ஒவ்வொன்றின் விவரத்தையும் நேரத்தோடு சேமிப்பகத்தில் எழுதிவைக்கும். இயல்பாக மூன்று நாள் வரை வைத்திருக்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. ஏடிபி ஷெல்லில் (போனுக்குள் கட்டளை தரும் இடம்) டம்ப்சிஸ் டிராப்பாக்ஸ் (dumpsys dropbox) என்று கேட்டால் பட்டியல் வரும். பிரின்ட் கொடியோடு 'டேட்டா ஆப் கிராஷ்' (data_app_crash) என்ற வகையைச் சொன்னால் முழு ஸ்டாக் டிரேஸும் வரும். நேற்றிரவு விழுந்த ஆப்பின் காரணத்தை இன்று மதியம் எடுக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

சில பிராண்டுகள் லாக் பதிவையே குறைத்து வைத்திருக்கும். ஹுவாவே போன்களில் டயலரில் *#*#2846579#*#* அழுத்தி வரும் மெனுவில் லாக் பதிவைத் திறக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பெட்டியும் வராமல் ஆப் மறைந்துவிடுகிறது

இதில்தான் அதிக நேரம் வீணாகிறது. காரணம், எல்லோரும் கிராஷ் என்று நினைத்து 'ஃபேட்டல்' என்று தேடுகிறார்கள், அது கிடைக்காது. ஆப் தானாக விழவில்லை, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். கேள்வியை மாற்ற வேண்டும்: நிறுத்தியது யார்?

சப்போர்ட்டுக்கு வரும் அழைப்பு இப்படித்தான் இருக்கும்.

"மேடம், கஸ்டமர் வாசல்ல நின்னு பார்சலை போட்டோ எடுக்கறேன். எடுத்துட்டு வந்தா ஆப் மறுபடி முதல்ல இருந்து லாகின் கேக்குது."

"எர்ரர் ஏதாவது வந்துச்சா அண்ணா?"

"ஒண்ணும் வரல மேடம். சும்மா போயிடுது."

டிக்கெட்டில் இதை "லாகின் பிரச்சினை" என்று எழுதி லாகின் குழுவுக்கு அனுப்புவார்கள். நடந்ததோ வேறு. 3 அல்லது 4 ஜிபி ரேம் உள்ள போனில் கேமரா திறந்ததும் நினைவகம் நிறைந்து, பின்னால் போன ஆப்பை ஆண்ட்ராய்டு நிறுத்திவிட்டது. கேமராவிலிருந்து திரும்பும்போது ஆப் புதிதாகப் பிறக்கிறது. பாதி நிரப்பிய படிவத்தை அது சேமிக்கவில்லை.

ஆண்ட்ராய்டு 11 முதல் இதற்கு நேரடிப் பதில் இருக்கிறது. ஏடிபி ஷெல்லில் டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி எக்ஸிட்-இன்ஃபோ (dumpsys activity exit-info) என்று கொடுத்து, பின்னால் உங்கள் பேக்கேஜ் பெயரைச் சேருங்கள். அந்த ஆப் சமீபத்தில் முடிந்த ஒவ்வொரு முறைக்கும் நேரமும் காரணமும் வரிசையாக வரும். 'லோ மெமரி' என்றால் நினைவகம். 'யூசர் ரிக்வெஸ்டட்' என்றால் பயனர் தானே நிறுத்தியது. 'சிக்னல்டு' என்று வந்து சிக்னல் எண் 9 (வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக நிறுத்தியது) என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம். நினைவகக் காரணத்தைத் தனியாகத் தெரிவிக்காத போன்களில் அதுவும் இப்படித்தான் வரும். இதே தகவலை ஆப்புக்குள்ளிருந்தும் அடுத்த முறை திறக்கும்போது ஏபிஐ வழியாகக் கேட்டு உங்கள் சர்வருக்கு அனுப்பலாம். களத்தில் ஓடும் ஆப் என்றால் இதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் ஆப்பை நீக்கினால் இந்த வரலாறும் போய்விடும். 'அன்இன்ஸ்டால் பண்ணுங்க' என்பதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணம்.

ஆண்ட்ராய்டு 10-க்கும் அதற்குக் கீழும் ஈவென்ட்ஸ் பஃபரைப் பாருங்கள். ஏஎம் கில் (am_kill), ஏஎம் ப்ராக் டைடு (am_proc_died) என்ற குறிச்சொற்களில் உங்கள் பேக்கேஜ் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்; ஏஎம் கில் வரியில் கொன்ற காரணமும் பக்கத்தில் இருக்கும்.

அலுவலகப் போன்களில் 12 ஜிபி ரேம் இருப்பதால் இது அங்கே வராது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே' என்பதை ஆன் செய்துவிட்டுக் கேமரா வரை போய்த் திரும்புங்கள். அது திரையை மட்டும் அழிக்கும், புராசஸை (நினைவகத்தில் ஓடும் ஆப்பை) அல்ல. முழுமையாகச் சோதிக்க, ஹோம் பட்டன் அழுத்தி ஆப்பைப் பின்னால் அனுப்பிவிட்டு, ஷெல்லிலிருந்து ஏஎம் கில் கட்டளையால் நிறுத்தி, ரீசன்ட்ஸ் வழியாகத் திரும்பி வாருங்கள்.

படிவத்தைச் சேமிக்கச் சொன்னால் சிலர் எடுத்த போட்டோவையே சேமிப்புப் பொட்டலத்துக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பொட்டலம் இயங்குதளத்துக்குப் போகும் வழியின் கொள்ளளவு புராசஸ் முழுவதற்கும் சேர்த்து சுமார் 1 எம்பி. அதைத் தாண்டினால் 'டிரான்சாக்ஷன் டூ லார்ஜ்' எக்செப்ஷன் வந்து இந்த முறை நிஜமாகவே கிராஷ் ஆகும். போட்டோவைக் கோப்பாக எழுதி, கோப்பின் இடத்தை மட்டும் சேமியுங்கள்.

ஆப் உறைந்துபோய், 'காத்திருக்கவா, மூடவா' என்று கேட்கிறது

பயனர் தொட்டதற்கு 5 வினாடிக்குள் பதில் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு இதை ஏஎன்ஆர் (ANR, 'ஆப் பதிலளிக்கவில்லை') என்று பதிவுசெய்யும். கிராஷ் பஃபரில் தேடாதீர்கள். சிஸ்டம் லாக்கில் 'ஏஎன்ஆர் இன்' என்று தொடங்கும் வரியும், டேட்டா பகுதியில் ஏஎன்ஆர் கோப்புறைக்குள் அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் (ஆப்புக்குள் இணையாக ஓடும் வேலை இழை) என்ன செய்துகொண்டிருந்தது என்ற படமும் இருக்கும். சாதாரண போனில் அந்தக் கோப்புறையை நேரடியாகத் திறக்க முடியாது. பக் ரிப்போர்ட், அதாவது போனின் முழுப் பதிவுத் தொகுப்பு, எடுத்தால் அந்த ஜிப்புக்குள் வந்துவிடும்.

கோப்பில் திரையை இயக்கும் 'மெயின்' என்ற த்ரெட்டைத் தேடுங்கள். அது 'பிளாக்டு' என்றிருந்தால், கீழே எந்தப் பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் வைத்திருக்கக்கூடிய அனுமதி) காத்திருக்கிறது, அந்தப் பூட்டை எந்த எண்ணுள்ள த்ரெட் வைத்திருக்கிறது என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்குப் போங்கள். குற்றவாளி அங்கே இருப்பான்.

சென்னையில் இதைத் தூண்டிப் பார்க்க நல்ல இடம் மெட்ரோவின் சுரங்கப் பகுதி. நெட்வொர்க் வேலையை மெயின் த்ரெட்டில் நேரடியாகச் செய்ய ஆண்ட்ராய்டு எப்போதோ தடைபோட்டுவிட்டது. அதனால் நாங்கள் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பின்னணியில் நெட்வொர்க்குக்குப் போன த்ரெட் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டே போயிருந்தால்? சிக்னல் அரைகுறையாக இருக்கும் இடத்தில் அது டைம்அவுட் வரை திரும்பாது. மெயின் த்ரெட் அதே பூட்டைக் கேட்டு நிற்கும். முழுதாக சிக்னல் போனால் இது வராது, உடனே பிழை வந்து பூட்டு விடுபடும். ஃபிளைட் மோடில் சோதித்து 'சரியாக இருக்கிறது' என்று டிக்கெட்டை மூடுபவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். வேகத்தைக் குறைத்து, பாக்கெட்டுகளைத் தவறவிட்டுச் சோதியுங்கள்.

லாக்கில் சிக்னல் 11 அல்லது சிக்னல் 6

நேட்டிவ் கோடில், அதாவது சி அல்லது சி++ பகுதியில் விழுந்திருக்கிறது. 11 என்றால் தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டது. 6 என்றால் கோடே தன்னை நிறுத்திக்கொண்டது, அப்போது 'அபார்ட் மெசேஜ்' என்ற வரியில் காரணம் இருக்கும். முழு விவரம் இந்த வகைக் கிராஷுக்கு ஆண்ட்ராய்டு எழுதும் டூம்ஸ்டோன் கோப்பில், அதுவும் பக் ரிப்போர்ட்டுக்குள் வரும். முகவரிகளைக் கோப்பு, வரி எண்ணாக மாற்ற என்டிகே-ஸ்டாக் கருவியும், அதே பில்டின் ஸ்ட்ரிப் செய்யாத (பெயர், வரித் தகவல் நீக்கப்படாத) லைப்ரரியும் வேண்டும். பில்ட் ஐடி ஒத்துப்போகவில்லை என்றால் வரும் விடை தவறானது.

அடுக்கில் உங்கள் லைப்ரரி எதுவுமே இல்லாமல் வெப்வியூ (ஆப்புக்குள் இணையப் பக்கம் காட்டும் பகுதி) மட்டும் இருந்தால் போனில் வெப்வியூ எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். 2021 மார்ச் 22-23-இல் ஒரு வெப்வியூ கோளாறால் உலகம் முழுக்க ஏராளமான ஆண்ட்ராய்டு ஆப்கள் ஒரே நேரத்தில் விழுந்தன. கூகுள் திருத்தம் வெளியிட்ட பிறகுதான் நின்றது.

ஸ்டாக் டிரேஸில் பெயர்களே இல்லை, ஒற்றை எழுத்துகள்தான்

ரிலீஸ் பில்டில் ஆர்8 கருவி பெயர்களைச் சுருக்கிவிடும். ஒவ்வொரு பில்டுக்கும் ஒரு மேப்பிங் கோப்பு பில்ட் வெளியீட்டுக் கோப்புறையில் உருவாகும். ரீட்ரேஸ் கருவிக்கு அதையும் டிரேஸையும் கொடுத்தால் உண்மைப் பெயர்கள் திரும்பும். அந்தக் கோப்பு அதே பில்டுடையதாக இருக்க வேண்டும். கோடு மாறாவிட்டாலும் இன்னொரு பில்ட் எடுத்து அதன் மேப்பிங்கைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்டோருக்குப் போகும் ஒவ்வொரு பதிப்பின் மேப்பிங்கையும் பதிப்பு எண்ணோடு சேமித்துவையுங்கள். இதை யாரோ ஒருவரின் லேப்டாப்பில் விட்டுவைப்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

ஐபோனில் விழுகிறது

கணினி தேவையில்லை. செட்டிங்ஸில் தனியுரிமை மற்றும் பாதுகாப்பு, அதற்குள் அனலிட்டிக்ஸ் பகுதி, அதற்குள் அனலிட்டிக்ஸ் டேட்டா. ஆப்பின் பெயரோடும் தேதி நேரத்தோடும் ஐபிஎஸ் கோப்புகள் வரிசையாக இருக்கும். அந்த நிமிடத்துக்குரியதைத் திறந்து ஷேர் பொத்தானால் அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், கோப்பாக வேண்டும். மேக் இருந்தால் ஆப்பிளின் ஆப் உருவாக்கக் கருவியான எக்ஸ்கோடின் டிவைசஸ் சாளரத்திலிருந்து எடுக்கலாம். விண்டோஸ், லினக்ஸில் லிப்ஐமொபைல்டிவைஸ் கருவிகள் உதவும். ஆப்பிளின் சோதனைப் பதிப்புத் தளமான டெஸ்ட்ஃபிளைட் வழியாக ஓட்டுபவர்களின் கிராஷ் தானாகவே வந்துவிடும்.

படிக்க வேண்டியது இரண்டு இடம்: எக்செப்ஷன் டைப், டெர்மினேஷன் ரீசன். சிக்டிராப் (SIGTRAP) என்றால் ஸ்விஃப்ட் மொழியில் காலியாக இருந்த மதிப்பை ஆச்சரியக்குறி போட்டுக் கட்டாயமாகத் திறந்தது பெரும்பாலும் காரணம். 'ஏட் பேட் ஃபுட்' என்று வாசிக்கப்படும் குறியீடு (0x8badf00d) வந்தால், திறக்கவோ திரும்பவோ அதிக நேரம் எடுத்ததால் காவல் நிரல் ஆப்பை நிறுத்தியது. எக்ஸ்கோடின் டீபக்கரோடு ஓட்டும்போது அந்தக் காவல் வேலை செய்யாது. எனவே உங்கள் மேசையில் வராது என்பதற்காக வாடிக்கையாளரைச் சந்தேகிக்காதீர்கள். கேபிளைக் கழற்றிவிட்டு ஐகானைத் தொட்டுத் திறந்து பாருங்கள். 'டெட் லாக்' குறியீடு (0xdead10cc) என்றால் பின்னால் போகும்போது கோப்புப் பூட்டையோ எஸ்கியூலைட் டேட்டாபேஸ் பூட்டையோ விடாமல் வைத்திருந்தது.

'கூல் ஆஃப்' குறியீடு (0xc00010ff) நம் ஊருக்கு முக்கியம். போன் சூடானதால் இயங்குதளம் ஆப்பை நிறுத்தியது என்று பொருள். ஐபோனைச் சுற்றுவெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப்பும் கேமராவும் ஓடி, பவர் பேங்கிலிருந்து சார்ஜும் ஏறும் போனை நினைத்துப்பாருங்கள். ஏசி அறையில் இது ஒருநாளும் வராது. மே மாதப் புகார்களில் நேரம் மதியமாகவே இருக்கிறதா என்று பார்த்து, ஜிபிஎஸ் கேட்கும் இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஆப்பின் பெயரில் கோப்பே இல்லையா? ஜெட்சம் ஈவென்ட் (JetsamEvent) என்று தொடங்கும் கோப்பைத் தேடுங்கள். அது நினைவகத்துக்காக நிறுத்தியது. உள்ளே உங்கள் ஆப்பின் பக்கத்தில் ஆர்பேஜஸ் (rpages) என்ற எண் இருக்கும். அதைக் கோப்பின் தலைப்பிலுள்ள பேஜ் சைஸால், வழக்கமாக 16384-ஆல், பெருக்கினால் அப்போது ஆப் பிடித்திருந்த பைட்கள் தெரியும். காரணம் 'பெர் பிராசஸ் லிமிட்' என்றால் உங்கள் ஆப்பே வரம்பைத் தாண்டியது. மற்ற ஆப்களைக் குறைசொல்ல இடமில்லை.

வெறும் முகவரிகளாக இருந்தால் முகவரிகளைப் பெயர்களாக மாற்றும், அதே பில்டின் டிசிம் (dSYM) கோப்பு வேண்டும். இரண்டின் யுயுஐடி (அடையாள எண்) ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் போதவில்லை என்றால் இரண்டு வால்யூம் பட்டன்களையும் பக்கப் பட்டனையும் ஒரு வினாடிக்குச் சற்று மேல் சேர்த்து அழுத்தி விடச் சொல்லுங்கள். சிஸ்டயக்னோஸ் (sysdiagnose) என்ற முழுப் பதிவுத் தொகுப்பு உருவாகச் சில நிமிடம் ஆகும். அதே அனலிட்டிக்ஸ் டேட்டா பட்டியலில் வந்து சேரும். அதிகநேரம் அழுத்தினால் அணைக்கும் திரை வந்துவிடும், அதை முன்பே சொல்லிவையுங்கள்.

போன் வாடிக்கையாளர் கையில், நீங்கள் ஓஎம்ஆர் அலுவலகத்தில்

ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கவைத்து 'பக் ரிப்போர்ட் எடு' என்பதைத் தொடச் சொல்லலாம். ஜிப் உருவானதும் அறிவிப்பு வரும், அதிலிருந்தே அனுப்பலாம். பயனருக்கு இதைப் போனில் படிப்படியாக, பொறுமையாகச் சொல்லுங்கள். முடிந்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைக்கவும் நீங்களே சொல்ல வேண்டும். திறந்து கிடக்கும் அந்த மெனுவால் சில பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும்.

கூகுளின் டெவலப்பர் தளமான பிளே கன்சோலின் வைட்டல்ஸ் பக்கத்தில் கிராஷ்கள் மாடல் வாரியாகத் தொகுக்கப்பட்டிருக்கும். தினசரிப் பயனர்களில் 1.09% பேருக்குமேல் கிராஷையோ 0.47% பேருக்குமேல் ஏஎன்ஆரையோ சந்தித்தால் ஸ்டோரில் ஆப் தெரிவதே குறையக்கூடும். ஆனால் கண்டறிதல் தகவலைப் பகிரச் சம்மதித்தவர்களின் போன்கள் மட்டுமே அதில் வரும். உங்கள் முன்னால் அழைப்பில் இருக்கும் ஒருவரின் கோளாறு அங்கே இருந்தாக வேண்டும் என்பதில்லை. அதனால் ஆப்புக்குள்ளேயே அளவு வரம்புள்ள லாக் கோப்பு ஒன்றை எழுதி, உதவிப் பக்கத்தில் 'லாக் அனுப்பு' என்று தமிழில் ஒரு பொத்தான் வையுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் எதுவும் வேண்டியதில்லை.

பக் ரிப்போர்ட் உங்கள் ஆப்பைப் பற்றியது மட்டும் அல்ல. அதில் அந்த மனிதரின் கணக்குப் பெயர்கள், வைஃபை பெயர்கள், போனில் இருக்கும் எல்லா ஆப்களின் பட்டியல், மற்ற ஆப்கள் எழுதிய வரிகள் வரை இருக்கும். அவரிடம் அதைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் அதுதான். குழு வாட்ஸ்ஆப்பில் ஜிப்பைப் போடாதீர்கள்; டிக்கெட்டோடு இணைத்து, பார்க்க வேண்டியவர் மட்டும் திறக்கும்படி வையுங்கள். உங்கள் சொந்த லாக் கோப்பில் ஓடிபி, ஆதார் எண், யுபிஐ பின், முழு மொபைல் எண் எதுவும் விழாதபடி எழுதும் இடத்திலேயே மறையுங்கள். திருத்தம் வெளியாகி அதே போனில் கோளாறு நின்றது உறுதியானதும் ஜிப்பை அழித்துவிட்டு, அழித்த தேதியை டிக்கெட்டில் குறித்து மூடுங்கள்.